மருந்து முன்னே, வாசல் பின்னே

1940களில் ரத்த அழுத்தம் முற்றிய நோயாளிகளுக்கு அமெரிக்க மருத்துவமனைகளில் ஒரு பெரிய அறுவை சிகிச்சை செய்தார்கள். முதுகின் இரு பக்கமும் திறந்து, முதுகெலும்பை ஒட்டி ஓடும் பரிவு நரம்புச் சங்கிலியை மார்பிலிருந்து இடுப்பு வரை வெட்டி எடுத்தார்கள். பாஸ்டனைச் சேர்ந்த ரெஜினால்ட் ஸ்மித்விக் என்பவரின் பெயரோடு சேர்த்துப் பேசப்பட்ட சிகிச்சை அது. பலருக்கு அழுத்தம் இறங்கியது. ஆனால் படுக்கையை விட்டு எழுந்து நின்றதும் தலை சுற்றி விழுந்தார்கள். கத்திக்குப் போகாதவர்களுக்கு டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் சோறும் பழமும் சர்க்கரையும் மட்டும் கொண்ட உப்பில்லாப் பத்தியம் போட்டார். இவை தவிர மருத்துவர்களின் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. அமெரிக்க அதிபருக்கே இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக் கசிவால் ரூஸ்வெல்ட் சாய்ந்தபோது அவருடைய மருத்துவர் அளந்த அழுத்தம் 300/190.

நரம்பை வெட்டச் சொன்னது நூறாண்டுப் பழைய நம்பிக்கை. 1850களின் தொடக்கத்தில் பாரிஸில் க்ளோட் பெர்னார் ஒரு முயலின் கழுத்தில் பரிவு நரம்பை வெட்டினார். அந்தப் பக்கத்துக் காது சிவந்து சூடேறியது. குழாயை இறுக்கிப் பிடித்திருப்பது நரம்பு, நரம்பு போனால் குழாய் விரியும் என்பது அன்றிலிருந்து பாடமானது. ஏரிப் பாசனத்தில் எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது என்று நீர்க்கட்டி முடிவு செய்வதுபோல, எந்த உறுப்புக்கு எவ்வளவு ரத்தம் என்பதை நரம்பு முடிவு செய்கிறது. குழாய்க்கென்று சொந்த முடிவு கிடையாது. இதுதான் அன்றைய சித்திரம்.

அந்தச் சித்திரத்தில் 1902இலேயே ஒரு கீறல் விழுந்திருந்தது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் வில்லியம் பேலிஸ், நரம்புத் தொடர்பை அறுத்துவிட்ட தமனிகளில் அழுத்தத்தைக் கூட்டிப் பார்த்தார். வெறும் குழாயாக இருந்தால் அது விரிந்திருக்க வேண்டும். தமனி சுருங்கியது. அழுத்தத்தைக் குறைத்தார், தளர்ந்தது. கேட்க நரம்பில்லை, கட்டளையிட மூளையில்லை, சுவரே உணர்ந்து சுவரே பதில் சொல்கிறது என்பதே அவர் எழுதியதன் சாரம். அதே ஆண்டில் அவரும் ஸ்டார்லிங்கும் சேர்ந்து கண்டுபிடித்த செக்ரடின், ஹார்மோன் இயலுக்கே தொடக்கமாக அமைந்து உலகப் புகழ் பெற்றது. தமனிக் கட்டுரையோ ஏறக்குறைய அரை நூற்றாண்டு சந்தேகத்தில் கிடந்தது. 1949இல் ஸ்வீடனின் ப்யோர்ன் ஃபோல்கோ அதே சோதனையைப் புதிய முறையில் செய்து காட்டிய பிறகுதான் அதை மீண்டும் எடுத்துப் பேசினார்கள்.

1902 இன்னொரு வகையிலும் முக்கியமான ஆண்டு. ஜெர்மனியின் ஹாலே நகரில் யூலியஸ் பெர்ன்ஸ்டைன், உயிருள்ள செல்லின் உட்புறம் ஏன் எதிர் மின்னழுத்தத்தில் இருக்கிறது என்பதற்கு ஒரு விளக்கம் சொன்னார். செல்லுக்குள் பொட்டாசியம் அதிகம், வெளியே குறைவு. செல்லின் சவ்வு பொட்டாசியத்தை மட்டும் கசிய விடுகிறது. நேர்மின் கொண்ட பொட்டாசியம் வெளியேற வெளியேற உட்புறம் எதிர்மின் கொள்கிறது. ஒரே ஆண்டில் பிறந்த இந்த இரண்டு கருத்துகளும், பேலிஸின் சுவரும் பெர்ன்ஸ்டைனின் பொட்டாசியமும், ஒன்றையொன்று சந்திக்க எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மருத்துவ வரலாற்றில் என்னை மிகவும் ஈர்க்கும் இடைவெளி இது. இரண்டு உண்மைகளும் நூலகத்தில் இருந்தன. நடுவில் இல்லாதது கருவி.

ரத்தக் குழாயின் சுவரில் வளையம் வளையமாகச் சுற்றியிருக்கும் மென்தசை செல்லின் தடிமன் சில மைக்ரான்தான். 1949இல் லிங், ஜெரார்ட் இருவரும் நுண்ணிய கண்ணாடி மின்முனையைச் செம்மைப்படுத்திய பிறகும், இந்தச் செல்லுக்குள் ஊசியை நிறுத்துவது பெரும்பாடாக இருந்தது. தசை சுருங்கினால் ஊசி நழுவும், செல் கிழியும். 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறி இங்கிலாந்து வந்த எடித் ப்யுல்ப்ரிங், ஆக்ஸ்ஃபோர்டில் சீமை எலியின் குடல் தசையில் பொறுமையாக இதைச் செய்து காட்டினார். மென்தசையின் மின்னியல் என்று இன்று நாம் படிப்பதில் பெரும் பங்கு அவருடைய ஆய்வகத்திலும், அங்கே பயின்று ஜப்பானுக்குத் திரும்பியவர்களின் ஆய்வகங்களிலும் உருவானது. அவருடைய பெயர் பாடப்புத்தகங்களில் இன்னும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பிறகு 1976இல் ஜெர்மனியின் கட்டிங்கன் நகரில் எர்வின் நேயர், பெர்ட் சாக்மன் இருவரும் ஊசியைச் செல்லுக்குள் குத்தாமல், மெருகேற்றிய கண்ணாடி நுனியைச் சவ்வின் மேல் ஒட்ட வைத்து, ஒரே ஒரு புரத மூலக்கூறு திறப்பதையும் மூடுவதையும் மின்னோட்டமாகப் பதிவு செய்தார்கள். 1981இல் அந்த ஒட்டுதலை இன்னும் இறுக்கமாக்கினார்கள். ஆம்பியரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு, அதாவது பிக்கோஆம்பியர் அளவிலான ஓட்டம், தாளில் படிப்படியாக ஏறி இறங்கியது. 1991இல் இருவருக்கும் நோபல் பரிசு. பொட்டாசியத்தை விடும் இத்தகைய புரதங்கள், அதாவது தமனித் தசையின் பொட்டாசியம் வாசல்கள், முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரிந்தது இந்த வழியில்தான்.

இன்று ஒரு மருத்துவ மாணவர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய கதை இது. செல்லுக்குள் லிட்டருக்கு ஏறக்குறைய 140 மில்லிமோல் பொட்டாசியம். வெளியே 4 அல்லது 5. வாசல் திறந்தால் பொட்டாசியம் வெளியே பாய்கிறது, செல்லின் உட்புறம் மேலும் எதிர்மின் கொள்கிறது. மின்னழுத்தத்துக்குத் திறக்கும் கால்சியம் வாசல்கள் அதனால் மூடிக்கொள்கின்றன. கால்சியம் இல்லாத தசை தளர்கிறது, குழாய் விரிகிறது. பொட்டாசியம் வாசல் மூடினால் எல்லாம் தலைகீழ். அழுத்தமே இல்லாத சிறு தமனியில் செல்லின் மின்னழுத்தம் கழித்தல் 60 மில்லிவோல்ட் அளவில் இருக்கும். ரத்தத்தின் அழுத்தம் ஏற ஏற அது கழித்தல் 40 வரை வரும். பேலிஸ் பார்த்த சுருக்கத்துக்கு உள்ளே நடப்பது இதுதான்.

சில மில்லிவோல்ட் மாற்றம் அற்பமாகத் தோன்றலாம். குழாயில் பாயும் நீர்மத்தின் அளவு ஆரத்தின் நான்காம் மடிக்கு ஏற்ப மாறும் என்கிறது ப்வாசேயின் விதி. ஆரம் பத்து சதவீதம் கூடினால் பாய்ச்சல் 46 சதவீதம் கூடும். ஆரம் பாதியானால் பாய்ச்சல் பதினாறில் ஒன்றாகும். ஆகவே, செல்லுக்குள் சில மில்லிவோல்ட் அசைந்தால் ஓர் உறுப்பின் ரத்த ஓட்டமே அசைகிறது.

வாசல் ஒரு வகை அல்ல. மின்னழுத்தத்துக்குத் திறப்பது ஒன்று, கால்சியத்துக்குத் திறப்பது ஒன்று, செல்லின் எரிபொருளான ஏடிபி குறையும்போது திறப்பது ஒன்று, வெளியே பொட்டாசியம் கொஞ்சம் கூடினால் திறப்பது ஒன்று, இன்னும் உண்டு. இவற்றின் மரபணுக்களுக்கு முதல் தடயத்தைத் தந்தவை பழ ஈக்கள். ஈதர் மயக்கத்தில் கால் நடுங்கும் ஒரு ரக ஈயிலிருந்து 1987இல் லில்லி ஜான், யூ நங் ஜான் தம்பதியின் குழு முதல் பொட்டாசியம் வாசலின் மரபணுவைப் பிரித்தெடுத்தது. 1998இல் ராடெரிக் மெக்கினன் ஒரு மண் பாக்டீரியாவின் பொட்டாசியம் வாசலின் வடிவத்தை எக்ஸ்ரே படிகவியலால் காட்டினார். நொடிக்குப் பத்துக் கோடி வரை பொட்டாசியம் அயனிகளை விடும் அந்தப் புரதம், அதைவிடச் சிறிய சோடியத்தைத் தடுத்துவிடுவது எப்படி என்று அணு அணுவாகத் தெரிந்தது. 2003இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது.

நரம்பிலிருந்து வாசலுக்கு வந்த இந்த மாற்றத்தின் நடுவில் என்னை நிறுத்தி வைப்பது மாத்திரைகளின் கதை. வாசல் கண்டுபிடிக்கப்பட்டு அதற்கு மருந்து செய்யப்படவில்லை. மருந்துகள் முன்பே வந்து, பல ஆண்டுகள் மருந்துக் கடைகளில் விற்று, எங்கே வேலை செய்கின்றன என்று தெரியாமலேயே லட்சக்கணக்கானோர் விழுங்கி முடித்த பிறகு வாசல் கண்டுபிடிக்கப்பட்டது.

1942இல், போர்க்காலப் பிரான்ஸின் மோன்பெலியே நகரில், மார்செல் ஜான்போன் டைபாய்டு நோயாளிகளுக்கு ஒரு புதிய சல்ஃபா மருந்தைக் கொடுத்தார். சிலருக்கு ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியது, உயிரிழப்பும் நேர்ந்தது. அவருடைய சகா ஒகுஸ்த் லூபாத்தியேர் இதைப் பின்தொடர்ந்து சென்று, அந்த மருந்து கணையத்திலிருந்து இன்சுலினை வெளியேற்றுகிறது என்று காட்டினார். சர்க்கரை நோய்க்கான சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள் இப்படிப் பிறந்தன. நம் வீடுகளில் டாவோனில் என்ற பெயரில் ஒரு தலைமுறை விழுங்கிய கிளிபென்கிளமைடு இந்தக் குடும்பத்துப் பிள்ளை.

1960களில் இதற்கு நேர் எதிரான குணத்தோடு ஒரு மருந்து வந்தது. டயசாக்சைடு. ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கியது; கூடவே சர்க்கரையை ஏற்றியது. அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் என்ன தொடர்பு என்று அப்போது யாராலும் சொல்ல முடியவில்லை. பக்க விளைவு என்று எழுதி வைத்துவிட்டு நகர்ந்தார்கள்.

அதே காலத்தில் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் அப்ஜான் நிறுவனம் வயிற்றுப் புண்ணுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தது. அந்தத் தேடலின் வழியில் வந்த ஒரு வேதிப்பொருள் குடும்பம் புண்ணை ஆற்றவில்லை, குழாய்களை விரித்தது. அதிலிருந்து வந்தது மினாக்சிடில். வேறு எந்த மாத்திரைக்கும் இறங்காத அழுத்தத்தை இது இறக்கியது. 1979இல் அமெரிக்காவில் மாத்திரையாக அனுமதி கிடைத்தது. ஆனால் அதைச் சாப்பிட்டவர்களின் முகத்திலும் கைகளிலும் முடி முளைத்தது. பெண்களுக்கு அது பெரும் துயரம். 1988இல் அதே மருந்து தலையில் தடவும் திரவமாக ஆண்களின் வழுக்கைக்கு அனுமதி பெற்றது. குழாயை எப்படி விரிக்கிறது, முடியை எப்படி வளர்க்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அனுமதி வழங்கப்பட்ட நாட்களில் தெளிவான பதில் இல்லை.

பதில் மூன்று திசைகளிலிருந்து வந்தது. 1983இல் ஜப்பானின் அகினோரி நோமா இதயத் தசையில் ஒரு பொட்டாசியம் வாசலைக் கண்டார். ஏடிபி நிறைந்திருந்தால் மூடியிருந்தது, குறைந்தால் திறந்தது. 1984இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஃபிரான்ஸஸ் ஆஷ்கிராஃப்ட், கணையத்தின் இன்சுலின் செல்லில் சர்க்கரை மூடுகிற பொட்டாசியம் வாசலைக் காட்டினார். சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள் மூடுவதும் இதையே என்று அடுத்த ஓரிரு ஆண்டுகளில் உறுதியானது. டயசாக்சைடு அதைத் திறக்கிறது என்பதும் தெரிந்தது. மூன்றாவது, 1989இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த கட்டுரை. இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து நிக் ஸ்டாண்டன், அமெரிக்காவின் வெர்மான்ட்டிலிருந்து மார்க் நெல்சன், இவர்களுடைய சகாக்கள், தமனித் தசை செல்லிலும் அதே குடும்பத்து வாசல் இருப்பதை ஒற்றை மூலக்கூறின் ஓட்டமாகப் பதிவு செய்தார்கள். குழாயை விரிக்கும் மருந்துகள் அதைத் திறந்தன. கிளிபென்கிளமைடு அதை மூடியது. மூடியதும் டயசாக்சைடின் விரிக்கும் திறனும் போயிற்று. முடி வளர்க்கும் மினாக்சிடிலும், உடலுக்குள் சல்ஃபேட் வடிவம் பெற்ற பின், திறப்பது இதே வாசலைத்தான்.

மோன்பெலியேயின் டைபாய்டு வார்டு, கலமசூவின் வயிற்றுப் புண் ஆய்வகம், சர்க்கரையை ஏற்றிய அழுத்த மருந்து எல்லாம் ஒரே கதவில் வந்து நின்றன. இதை முதல் முறை படித்தபோது எனக்கு ஏற்பட்ட பரவசம் இன்றும் குறையவில்லை. சர்க்கரைக்கு இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குழாயை நினைத்துக் கலங்க வேண்டியதில்லை: கணைய வாசலும் குழாய் வாசலும் உறவினர்களே தவிர ஒன்றல்ல, வழக்கமான அளவில் மாத்திரை கணைய வாசலையே அதிகம் பிடிக்கிறது.

இந்த அறிவால் நேரடியாக வாழ்வு மாறிய குழந்தைகள் இருக்கிறார்கள். பிறந்து ஆறு மாதத்துக்குள் சர்க்கரை நோய் வரும் சில பச்சிளங்குழந்தைகளுக்குக் கணைய வாசல் மூட மறுக்கும் மரபணுப் பிழை இருப்பது 2004இல் தெரிந்தது. இன்சுலின் ஊசியைத் தவிர வேறு கதி இல்லை என்றிருந்த அவர்களில் பலர் ஊசியை விட்டு சல்ஃபோனைல்யூரியா மாத்திரைக்கு மாறினார்கள். சென்னையிலும் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் இத்தகைய குழந்தைகளின் மரபணுவைச் சோதிக்கும் பணியைச் செய்துவருகிறது.

குழாய்க்குத் திரும்புவோம். 1995இல் நெல்சன் குழு ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய இன்னொரு கட்டுரை பழைய பாடத்தை இன்னும் ஆழமாகக் கலைத்தது. கால்சியம் என்றால் சுருக்கம் என்பது 1880களில் சிட்னி ரிங்கர் தவளை இதயத்தில் கண்டதிலிருந்து வரும் விதி. ஆனால் தமனித் தசை செல்லில், சவ்வுக்குக் கீழே உள்ள கால்சியக் கிடங்கிலிருந்து நொடியின் சிறு பகுதிக்குள் மின்னி மறையும் பொறிகளைப் பார்த்தார்கள். ஒவ்வொரு பொறியும் ஒரு சிறு இடத்தில் மட்டும் கால்சியத்தை எகிற வைக்கிறது. அந்த இடத்துக்கு மேலேயே பெரிய பொட்டாசியம் வாசல்கள் கூட்டமாக இருக்கின்றன. அவை திறக்கின்றன, பொட்டாசியம் வெளியேறுகிறது, செல் தளர்கிறது. செல் முழுவதும் பரவும் கால்சியம் இறுக்குகிறது. ஓரத்தில் பொறியாகத் தெறிக்கும் கால்சியம் தளர்த்துகிறது. ஒரே பொருள், எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து எதிரெதிர் வேலை.

அழுத்தம் கூடக் குழாய் இறுகும், இறுக அழுத்தம் கூடும் என்று சுழன்றுகொண்டே போகாமல் நம்மைக் காப்பது இந்தத் தடுப்பு. 2000ஆம் ஆண்டில், அந்தப் பெரிய வாசலுக்குக் கால்சியத்தை நன்றாக உணரச் செய்யும் துணைப் புரதத்தை எலிகளில் நீக்கிப் பார்த்தார்கள். பொறிகள் வழக்கம்போலத் தெறித்தன, வாசல்கள் கேட்கவில்லை, எலிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. 2004இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் மனிதரில் இதன் மறுபக்கத்தைக் காட்டினார்கள்: அதே துணைப் புரதத்தில் வாசலை எளிதாகத் திறக்க வைக்கும் ஒரு சிறு மரபு வேறுபாட்டைக் கொண்டவர்களுக்குக் கீழ் அழுத்தம் உயர்வது குறைவாக இருந்தது.

பிறந்த குழந்தையின் உடலிலும் பொட்டாசியம் வாசல் ஒரு பெரிய வேலை செய்கிறது. கருவில் ரத்தம் நுரையீரலுக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு போக இதயத்தருகே ஒரு தமனி நாளம் திறந்திருக்கும். பிறந்தபின் அது மூட வேண்டும். முதல் மூச்சுகளோடு ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறியதும் நாளத்தின் தசையில் மின்னழுத்தத்துக்குத் திறக்கும் பொட்டாசியம் வாசல்கள் மூடுகின்றன, கால்சியம் நுழைகிறது, நாளம் இறுகுகிறது. முயல்களில் 1996இல் இது காட்டப்பட்டது.

மூளையின் கதை இன்னும் அழகு. சிந்திக்கும் மூளைப் பகுதிக்கு ரத்தம் கூடுதலாகப் போகிறது, அங்கே உண்டாகும் ஏதோ ஒரு பொருள்தான் குழாயை விரிக்கிறது என்று ராய், ஷெரிங்டன் இருவரும் 1890இலேயே எழுதிவிட்டார்கள். அந்தப் பொருள் எது என்பதற்குப் பல வேட்பாளர்கள் வந்தார்கள். பொட்டாசியத்தை முன்வைப்பதில் ஒரு சங்கடம் இருந்தது. மருந்தியல் ஆய்வகத்தில் தமனித் துண்டைச் சுருக்க வேண்டுமென்றால் காலங்காலமாக மாணவர்கள் ஊற்றுவது அடர்ந்த பொட்டாசியம் குளோரைடு கரைசல். சுருக்குகிற பொருள் எப்படி விரிக்கும்?

அளவில் இருக்கிறது விடை. நரம்பு செல்கள் துடிக்கும்போது வெளியே கசியும் பொட்டாசியம், சுற்றுப்புறத்தில் 3 மில்லிமோலிலிருந்து 10 வரை ஏறும். இந்தச் சிறு ஏற்றம் ஒரு வகை வாசலைத் திறந்து செல்லை மேலும் எதிர்மின் கொள்ள வைக்கிறது, குழாய் விரிகிறது. ஆய்வகத்தில் ஊற்றும் 60, 80 மில்லிமோல் அந்த எல்லையைத் தாண்டிவிடுவதால் சுருக்குகிறது. 2017இல் வெர்மான்ட்டின் தாமஸ் லாங்டன், நெல்சன், அவர்களுடைய குழு இன்னொரு படி போனார்கள். தசையே இல்லாத தந்துகிகள்தான் பொட்டாசியத்தை முதலில் உணர்கின்றன. அவற்றின் சுவரில் எழும் மின் சைகை செல் செல்லாக எதிர்த்திசையில் ஓடி மேலே உள்ள தமனியைத் தளர்த்துகிறது. ரத்தம் கேட்ட இடத்துக்கு வருகிறது. 1990இல் செய்ஜி ஒகாவா வகுத்த முறையில் இன்று ஸ்கேன் அறைகளில் மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று நிறம் காட்டும் படங்கள் அனைத்தும், குழாய்கள் இப்படி நரம்பு செல்களுக்குச் செவிசாய்ப்பதையே நம்பியிருக்கின்றன. பேலிஸின் சுவருக்குச் சொந்த முடிவு உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

அதற்காக நரம்பைத் தள்ளிவிட முடியாது. சிறுநீரகத் தமனியைச் சுற்றியுள்ள நரம்புகளை உள்ளிருந்தே சுட்டு அழுத்தத்தைக் குறைக்கும் சிகிச்சைக்கு 2023இல் அமெரிக்கா அனுமதி தந்திருக்கிறது. ஸ்மித்விக்கின் எண்ணம், முதுகைப் பிளக்காமல், திரும்பி வந்திருக்கிறது.

வாசல் தெரிந்துவிட்டது, இனி அதற்கேற்ற சாவியைச் செய்தால் ரத்த அழுத்தம் தீர்ந்தது என்று 1980களின் பிற்பகுதியில் ஒரு பெரும் நம்பிக்கை எழுந்தது. இங்கிலாந்தின் பீச்சம் நிறுவனம் க்ரோமகாலிம் என்ற மருந்தைச் செய்தது. குழாயை அருமையாக விரித்தது. ஆனால் தலைவலி வந்தது, இதயம் படபடத்தது. வாசல் எல்லாத் தமனிகளிலும் இருக்கும்போது, ஒரு தமனியை மட்டும் திறக்கச் சொல்ல மருந்தால் முடியவில்லை. அது மருந்துக் கடைக்கு வரவே இல்லை. கிருமித் தொற்று முற்றி வரும் செப்டிக் ஷாக்கில் சரியும் அழுத்தத்துக்கு இந்த வாசல்கள் கட்டுமீறித் திறந்திருப்பது ஒரு காரணம் என்று 1992இல் விலங்குகளில் தெரிந்தபோது, கிளிபென்கிளமைடால் மூடிக் காப்பாற்றலாம் என்ற எதிர்பார்ப்பும் வந்தது. நோயாளிகளிடம் அது பலிக்கவில்லை.

பலித்தது நிகோராண்டில். ஜப்பானில் உருவாகி 1984இல் அங்கே நெஞ்சுவலிக்கு வந்த மாத்திரை. பாதி நைட்ரேட்டாகவும் பாதி பொட்டாசியம் வாசல் திறப்பானாகவும் வேலை செய்கிறது. பிரிட்டனில் 5,126 பேரிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில் இதய மரணம், மாரடைப்பு, நெஞ்சுவலிக்காக மருத்துவமனை சேர்க்கை ஆகியவை சேர்ந்த கணக்கு குறைந்தது. இந்தியாவில் இதய மருத்துவர்கள் தாராளமாக எழுதும் மருந்து இது. அமெரிக்காவில் இன்றுவரை அனுமதி இல்லை.

க்ரோமகாலிமும் முழுத் தோல்வி அல்ல. அதன் ஒரு வடிவத்தை 2019இல் டென்மார்க் ஆய்வாளர்கள் ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு ஊசியாகக் கொடுத்தார்கள். பதினாறு பேரில் பதினாறு பேருக்கும் வலி வந்தது; வெற்று ஊசியில் ஒருவருக்கு மட்டும். அன்று பக்க விளைவாக வந்த தலைவலி, இன்று ஒற்றைத் தலைவலி எங்கே தொடங்குகிறது என்பதற்கான தடயம். வாசலை மூடினால் வலி நிற்குமா என்ற தேடல் நடந்துகொண்டிருக்கிறது.

மெக்சிகோவின் ஹோசே மரியா கான்ட்டூ 1982இல் ஓர் அரிய நோயை விவரித்தார். குழந்தைகள் உடலெங்கும் அடர்ந்த முடியோடு பிறந்தார்கள். இதயம் பெரிதாக இருந்தது. மூட வேண்டிய தமனி நாளம் சிலருக்கு மூடவில்லை. மினாக்சிடில் சாப்பிட்டவர்களுக்கு வருவதும் இவர்களுக்குப் பிறவியில் இருப்பதும் ஒத்துப்போவதை மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். 2012இல் மரபணு கிடைத்தது: குழாயின் ஏடிபி வாசலை எப்போதும் திறந்தே வைத்திருக்கும் பிழை. இப்போது எலிகளில் கிளிபென்கிளமைடு அந்த இதயக் கோளாறுகளைத் திருப்பிக் காட்டியிருக்கிறது. ஒரு குழந்தைக்கும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எண்பதாண்டுகளுக்கு முன் டைபாய்டு வார்டில் பிறந்த மருந்துக் குடும்பம், கான்ட்டூ குழந்தைகளின் வீட்டுக் கதவைத் தட்டுகிறது.

மரபணுப் பிழை இல்லாமலும் இப்படி முடி வளர்ந்ததுண்டு. 2019இல் ஸ்பெயினில் பதினைந்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு உடலில் முடி அடர்ந்து வளர்ந்தது. விசாரித்தபோது, வயிற்று எதுக்களிப்புக்குத் தந்த மருந்தில் மினாக்சிடில் கலந்துவிட்டிருந்தது தெரிந்தது. மருந்தை நிறுத்தியதும் முடி உதிரத் தொடங்கியது.

இதையெல்லாம் எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. முடி கொட்டுவதற்காகச் சிறு அளவில் மினாக்சிடில் மாத்திரை சாப்பிடும் வழக்கம் இப்போது வேகமாகப் பரவுகிறது. தோல் மருத்துவர் பார்த்து, அழுத்தமும் இதயமும் சோதித்து, அளவு குறித்துக் கொடுத்தால் அதில் குறையில்லை. நண்பர் சொன்னார், வீடியோவில் பார்த்தேன் என்று கடையில் வாங்கி விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அழுத்தத்துக்காகத் தரும் மினாக்சிடில் மாத்திரையின் மருந்துக் குறிப்பில், இதய உறையில் நீர் கோர்க்கலாம் என்ற கடும் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது; அந்த அளவில் அதைத் தனியாகக் கொடுப்பதில்லை, இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்தும் சிறுநீர் பெருக்கியும் சேர்த்தே தருகிறார்கள். அது முடி மாத்திரை அல்ல, ரத்தக் குழாயின் மாத்திரை. மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்காதீர்கள். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்து, கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு படபடத்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.